முதுகில் பட்ட பூட்ஸ்

ஆவடி ராணுவ டிப்போவில் லாரி ஓட்டிய அந்தப் புதுச்சேரிக்காரர் சீட்டில் ஒருநாளும் முதுகைச் சாய்த்ததில்லை. நரைத்த மீசை ஸ்டீயரிங்கில் உரசுகிற மாதிரி குனிந்துதான் ஓட்டுவார். முதல் உலகச் சண்டையில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சின்ன டாங்கி ஓட்டியவராம்.

அவரிடம் கிளீனராக இருந்த நான், சேக்காட்டைத் தாண்டும்போது ஒருநாள் கேட்டேன். "இன்னா அண்ணாத்தே, சாஞ்சு உக்காரக் கூடாதா?"

"அந்த டாங்கில ரெண்டே ஆளு நைனா. நான் கீழ ஓட்டுவேன், ஆபீசர் எனக்குப் பின்னால நின்னுகினு சுடுவாரு. இஞ்சின் சத்தத்துல பேச்சு கேக்காது. பூட்ஸ் காலால முதுகுல அழுத்துனா போவணும், தலைல வெச்சா நிறுத்தணும். உத்தரவு இல்லாம நிறுத்துனா சுட்டுருவாங்க."

"அப்புறம்?"

"ஒருநாள் முதுகுல அழுத்துன காலை அவரு எடுக்கவே இல்ல. முன்னால நம்ம ஆளுங்களே காயம்பட்டுக் கெடந்தாங்க. தலைல வெப்பாரு, வெப்பாருன்னு போய்கினே இருந்தேன். ஆபீசரு எப்பவோ குண்டு பட்டு, என் முதுகு மேல காலை ஊனுனபடியே செத்துப் போயிருந்தாரு."

டிப்போ கேட் வந்தும் லாரி வேகம் குறையவில்லை. கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. சட்டென்று அவர் தலையில் கை வைத்தேன்.

லாரி நின்றது. என் கையை எடுக்க விடாமல் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.