எங்கள் கூடத்தில் நடந்த நிச்சயதார்த்தம்

பல வருடங்களுக்கு முன்பு, மே மாதத்தில் ஒரு சாயங்காலம், கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டில் நடந்தது இது.

வெயிலில் வெந்து கிடந்த ஊருக்கு அந்த வருடத்தின் முதல் மழை கொட்டியது. மண்வாசனையில் எல்லோருக்கும் ஒரே குஷி. எதிர்வீட்டில் அன்று பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். நானும் கிளம்பத்தான் புடவை மாற்றிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனது. மழை என்றாலே எங்கள் பக்கம் கரண்ட் போய்விடும் என்பதால் முதலில் பதறவில்லை.

மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கல் தூசு நுரையீரலைக் கெடுத்துவிட்டதால் ஆக்ஸிஜன் மெஷின்தான் அவருக்கு மூச்சு. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு அதுவும் கத்திக் கத்தி அடங்கியது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினேன். அதன் மீட்டர் முள் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. கணவர் பெங்களூரிலிருந்து வரும் ரயிலில். ஆம்புலன்சுக்குப் போன் செய்தால், வழியில் மரம் விழுந்திருக்கிறது, தாமதமாகும் என்றார்கள். மாமனாரின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

எதிர்வீட்டில் மட்டும் வாடகை ஜெனரேட்டரில் சீரியல் பல்பு மின்னியது, பாட்டு ஓடியது. நனைந்தபடியே ஓடினேன். நல்ல காரியம் நடக்கும் வீட்டில் எப்படிக் கேட்பது என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"மாமாவுக்கு மூச்சு முட்டுதுக்கா. கரண்ட் இல்ல, மெஷின் நின்னுபோச்சு."

அவர் யாரையும் கேட்கவில்லை. "பாட்ட நிறுத்துங்கப்பா! ஜெனரேட்டர எதிர் வூட்டுக்குத் தூக்குங்க!" என்று குரல் கொடுத்தார். ஜெகஜ்ஜோதியாக இருந்த பந்தல் சட்டென்று இருண்டது. புதுச் சட்டை போட்ட ஆண்கள் தார்ப்பாயைப் போர்த்தி ஜெனரேட்டரைத் தூக்கிவந்து எங்கள் வாசலில் வைத்தார்கள். எங்களை முன்பின் தெரியாத மாப்பிள்ளையின் அப்பா, கோட்டு நனைய நனைய அதற்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உதட்டில் நிறம் திரும்பியதும் மாமனார் பேசிய முதல் வார்த்தை, "என்னால உங்க விசேஷம் இருட்டாப்போச்சே" என்பதுதான்.

பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண்ணே உள்ளே வந்தாள். "இன்னா தாத்தா இப்டி சொல்றீங்க? வெளிச்சம் இங்கதான கீது. நாங்க இங்கியே வந்துர்றோம்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் போதகர் பைபிளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே இரண்டு வீட்டாரும் வந்தார்கள். இடம் போதாமல் சிலர் அடுப்படியிலும், ஒரு அம்மா எங்கள் அரிசி டிரம்மின் மேலும் உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டு முருகன் படத்துக்குக் கீழே, ஒற்றை பல்பு வெளிச்சத்தில், போதகர் ஜெபம் செய்தார். மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். மூக்கில் குழாயோடு மாமனார் கை தட்டினார். பிரியாணி அண்டாவும் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

வெகுநேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது யாரும் எழுந்து போகவில்லை. என் கணவர் ரயிலிறங்கி ஓடி வந்து, வாசல் நிறையச் செருப்புகளைப் பார்த்ததும், தன் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்தே போய்விட்டார். உள்ளே வந்தால் அப்பா மாப்பிள்ளையிடம் சுரங்கக் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் மாமனார் எங்களோடு இருந்தார். இன்றைக்கும் ஏதாவது விசேஷ வீட்டில் விளக்கும் பாட்டுமாக இருப்பதைப் பார்த்தால், இதையெல்லாம் எங்களுக்காக ஒரு நொடியில் அணைத்துவிட்டு வந்தவர்கள் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார்கள் என்ற நினைப்பே என் நெஞ்சை நிறைத்துவிடுகிறது.