இரண்டு விசில்

பஸ்ஸில் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் கிளம்ப வேண்டும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் இரண்டு விசில் கேட்டால் இடது கை தானாக மூடிக்கொள்ளும். யாருடைய கையையோ பிடித்திருப்பது போல இறுக மூடிக்கொள்ளும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அந்தக் கையில் முட்டைப் பை இருந்தது. பக்கத்தில் ஏதோ ஒரு வண்டி கிளம்பியது, நான்கு முட்டை போயிற்று. கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார், நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து உடைந்ததையெல்லாம் ஒன்றாகக் கலக்கிப் பொரித்துச் சாப்பிட்டேன். என் ஒருவனுக்கு அது ஜாஸ்திதான். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது, மகன் சென்னையில் இருக்கிறான். கை ஏன் இப்படி மூடுகிறது என்று கேட்க வீட்டில் ஆளில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

அந்தக் கையைப் பழக்கியவரை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் கண்டக்டர். கள்ளக்குறிச்சிக்கும் கச்சிராயபாளையத்துக்கும் இடையே ஓடும் டவுன் பஸ்ஸில் வேலை. வெளியூர்க்காரர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். கல்யாணம் ஆகி அது சரிவராமல் போனது என்பார்கள், அவர் சொன்னதில்லை. எங்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பகல் டூட்டி முடிந்து நாலு மணிக்கெல்லாம் ஏரிக்கரை மைதானத்துக்கு வந்துவிடுவார். காக்கிச் சட்டையைக் கழற்றி வேலிமுள் மேல் போட்டால் அன்றைய கபடி ஆரம்பம் என்று அர்த்தம். எங்கள் அணியில் பாடிப் போவது முழுக்கக் கேப்டன் பொறுப்பு. பாடி வருகிறவனைப் பிடிப்பது முழுக்கக் கண்டக்டர் பொறுப்பு. ஏழு பேரில் யார் எங்கே நிற்பது, எவனை மடக்குவது, எவனைத் தொட்டுவிட்டுப் போகட்டும் என்று விடுவது, எல்லாம் அவர் சொல்படிதான்.

இடது ஓரத்தில் அவர் நிற்பார், அவருக்கு வலப்பக்கம் நான். அவருடைய வலது கை என் இடது கையைப் பிடித்திருக்கும். எதிராளி பாடிக்கொண்டு உள்ளே வரும்போது பேச முடியாது, பேசினால் அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் கண்டக்டர் கையை அழுத்துவார். ஒரு அழுத்து என்றால் நில். இரண்டு அழுத்து என்றால் போ. அவர் பாய்ந்து கணுக்காலைப் பிடிப்பார், அதே நொடியில் நான் இடுப்பைக் கட்ட வேண்டும். அவர் பிடித்து நான் கட்டாவிட்டால், எதிராளி அவரையும் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்குப் போய்விடுவான். "மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி ஆயிரம் பொய் சொல்லும். காலப் பாரு" என்பார். டவுன் பஸ் படியில் ஒரு நாளைக்கு எத்தனையோ கால்கள் ஏறி இறங்குவதைப் பார்த்தவர் அவர். நாலு வருடம் அந்தக் கையைப் பிடித்து நின்றிருக்கிறேன். டிக்கெட் கிழித்துக் கிழித்துக் காய்த்துப்போன கட்டைவிரல், எந்நேரமும் சில்லறை வாடை. என் மனைவியின் கையைக்கூட நான் பத்துப் பேர் பார்க்க அப்படிப் பிடித்ததில்லை.

அப்புறம்தான் அந்த வருடம் வந்தது. போன இடத்திலெல்லாம் தோற்றோம். கேப்டன் பாடிப் போய் இரண்டு புள்ளி கொண்டுவந்தால், பிடியில் நாங்கள் நான்கை விட்டோம். எங்கள் பக்கம்தான் ஓட்டை என்பது எதிரணிகளுக்கும் தெரிந்துவிட்டது, இடது ஓரத்திலேயே வந்து வந்து தொட்டார்கள். காரணம் எனக்குத் தெரியும். கரும்பு சீசன் தொடக்கத்தில் டிரெய்லர் மேலிருந்து குதித்தபோது என் இடது கால் மூட்டு திரும்பிக்கொண்டது. மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன் அப்போது. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி திரும்பிச்சின்னா கிளட்ச் மிதிக்கறத மறந்துடு" என்றார். மனைவி அப்போது ஆறு மாதம். அவளிடம் சொல்லவில்லை. அணியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்னை எடுத்துவிடுவார்கள். மைக்கில் என் பெயரைச் சொல்லும் ஒரே இடம் அந்த மைதானம்தான், அதை விட எனக்கு மனசு வரவில்லை. ஆகவே ஆடினேன். ஆடினேன் என்று சொல்வதும் பொய், நின்றேன்.

மூங்கில்துறைப்பட்டில் நடந்த ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிராளி ஒல்லிப் பையன், எங்கள் மூலைக்கு வந்து காலை நீட்டினான். இரண்டு அழுத்து வந்தது. தெளிவாக, சரியான நேரத்தில் வந்தது. கண்டக்டர் பாய்ந்துவிட்டார். என் கை அவர் கையைத் திருப்பி அழுத்தியதும் எனக்கு நினைவிருக்கிறது. மூட்டு மட்டும் என்னைக் கேட்காமல் நின்றுகொண்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பையன் அவரை மண்ணில் தேய்த்து இழுத்தபடி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டான். முழங்கையெல்லாம் தோல் உரிந்து எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி என் கையைப் பிடித்தார். அன்று மட்டும் அப்படி ஐந்து முறை நடந்தது.

மறுநாள் சாயங்காலம் ஏரிக்கரையில் எல்லோரையும் உட்கார வைத்தார் கேப்டன். நல்ல மனிதர்தான், தோல்வி அவரைக் கடுகடுப்பாக்கி வைத்திருந்தது. திருக்கோவிலூர் பக்கம் ஒருவர் இருக்கிறார், பெரிய அணிகளில் பிடி கற்றுக்கொடுத்தவர், அவரைக் கூட்டி வரலாமா என்று பேச்சு. அப்படியென்றால் கண்டக்டர் விலக வேண்டும். கேப்டன் அவரிடமே கேட்டார், "இன்னாணா, உங்க மூலையில இன்னாதான் நடக்குது?" கண்டக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "மண்ணு வழுக்குதுப்பா, புடி நிக்கல" என்றார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கேப்டன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பழமொழி யாருக்குச் சொந்தமோ அவனும் சேர்ந்து சிரித்தான்.

பிறகு கேப்டன் என்னைப் பார்த்தார். "நாலு வருசமா அவரு கையப் புடிச்சிக்கினு நிக்கறவன் நீ. நீயே சொல்லு. சிக்னல் கரெக்டா வருதா, லேட்டா வருதா?" பதினைந்து முகங்கள் என்னைப் பார்த்தன. கண்டக்டர் தரையில் குச்சியால் ஏதோ கிழித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "கொஞ்சம் லேட்டாத்தான் வருதுணா." குச்சி நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் நான் எப்படியாவது மறந்திருப்பேன். "அவன் சொன்னா சரியாத்தாம்பா இருக்கும்" என்றார். எழுந்து, வேலியிலிருந்து சட்டையை எடுத்து, முள்ளில் மாட்டிய நூலைப் பொறுமையாக விடுவித்துவிட்டுப் போனார்.

தோற்கிற அணி யாரையாவது மாற்றியே தீரும். அதில் தப்பு சொல்ல நான் யார்? மாற்ற வேண்டியதும் உண்மைதான், ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்கள், பிடித்துக் கொடுத்தவன் நான். புதிய ஆள் வந்தார். என் மூலையில் எனக்குப் பக்கத்தில் ஒரு பலசாலியை நிறுத்தினார். இரண்டே ஆட்டத்தில் என் வண்டவாளம் தெரிந்துவிட்டது. "உனுக்கு இன்னா ஆச்சு?" என்று அவர் கேட்க, மூட்டு வலி என்று அப்போதுதான் கண்டுபிடித்தவன் போல முனகிவிட்டு ஒதுங்கினேன். அடுத்த வருடம் எங்கள் ஊர் கோப்பை வாங்கியது. கண்டக்டரும் இல்லை, நானும் இல்லை. பட்டாசுச் சத்தத்தை நான் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டேன்.

கண்டக்டர் சாயங்கால டூட்டியும் சேர்த்து வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். அவருடைய பஸ் வரும் நேரத்தில் நான் நிறுத்தத்துக்குப் போவதில்லை. ஒருநாள் மட்டும் மாட்டிக்கொண்டேன். குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து வாங்கக் கள்ளக்குறிச்சி போக வேண்டும், வந்தது அவர் வண்டி. கூட்டமில்லை. டிக்கெட் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மூட்டு இப்ப எப்படி கீது?" என்றார்.

"யாருணா சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? அந்த சீசன் பூரா நீ சோத்தாங்கால வச்சித்தான் பஸ் படி ஏறின. எடது கால தூக்கிப் பக்கத்துல வச்சிக்கினு அப்பால அடுத்த படி. நான் பாத்துக்கினுதான இருந்தேன்."

"தெரிஞ்சிக்கினே ஏன்ணா சொல்லல?"

அவர் ஜன்னல் வழியாகக் கல்வராயன் மலைப் பக்கம் பார்த்தார். "சொன்னா உன்ன எடுத்துருவாங்க. அப்பறம் நான் யாரு கையப் புடிச்சிக்கினு நிக்கறது?" என்றார். ஏதோ நிறுத்தம் வந்தது, ஒரு விசில் அடித்தார். ஒரு அம்மாவைக் கைகொடுத்து இறக்கிவிட்டார், இரண்டு விசில் அடித்தார், முன்பக்கம் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கள்ளக்குறிச்சி வரை அரை மணி நேரம் இருந்தது. கையில் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருடம் பொங்கல் ஆட்டத்தில் பழைய ஆட்டக்காரர்களுக்குத் துண்டு போர்த்தினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேப்டன் பக்கத்தில் நாற்காலி. அவருக்கு எல்லா முடியும் நரைத்துவிட்டது, சர்க்கரை வேறு. இவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று துண்டு போர்த்தும்போதே முடிவு செய்துவிட்டேன். இத்தனை வருடம் உள்ளே கிடந்ததைச் சொன்னேன். சிக்னல் லேட்டாக வரவில்லை, நான்தான் போகவில்லை, அவரை மாற்றியது என்னால்தான் என்றேன். கேப்டன் காதை என் பக்கம் கொண்டுவந்து முழுதும் கேட்டார்.

"யாரு, அந்த பஸ் கண்டக்டரா? அவர நாம மாத்துனமா இன்னா?" என்றார். "டூட்டி மாறிப் போய்ட்டாருன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன். அட வுடுப்பா, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் கீது." பிறகு என் தொடையில் தட்டி, "அதோ பாரு, அந்தப் பையன் எப்படிப் பாடறான்" என்று மைதானத்தைக் காட்டினார்.

அவர் மேல் கோபமில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் செய்ததை நினைவில் வைத்திருப்பவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஒருவன் நான். இன்னொருவர் கண்டக்டர்; இப்போது திருக்கோவிலூரில் தங்கை வீட்டில் இருக்கிறார், கண் பார்வை மங்கிவிட்டது, அவரோடு வேலை பார்த்த டிரைவர் சொன்னார். வீட்டு அடையாளமும் சொன்னார். ஆற்றுக்குப் போகும் தெருவில் மூன்றாவது வீடு.

நேற்று காலையில் வேட்டி மாற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். திருக்கோவிலூர் வண்டி நின்றுகொண்டிருந்தது, உள்ளே ஜன்னலோரம் இடம் இருந்தது. படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியின் கண்டக்டர் சின்னப் பையன், காது குத்திக் கடுக்கன் போட்டிருந்தான். "ஏறுங்க பெரியவரே, எடம் கீது" என்றான். நான் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு விசில் அடித்தான். இடது கை சரியான நேரத்தில் மூடிக்கொண்டது. கால்தான் போகவில்லை.