ஓரத்து நாலு வரிசை

அக்கா மேல் தம்பிக்கு ஒன்பது வருஷக் கோபம். இருந்த ஒரு ஏக்கரும் அவள் கொடுத்த விதையால்தான் கடனில் போனது, அதனால்தான் செங்கல் சுமக்கிறேன் என்று கேட்பவரிடமெல்லாம் சொல்வான்.

அக்கா ஆராய்ச்சிப் பண்ணையில் களை பறித்தவள். புருஷன் போன பிறகு இருபது வருஷம் அந்தச் சேற்றில்தான் குனிந்து கிடந்தாள். மழை பொய்த்தாலும் தாங்கும் புது நெல்லை அங்கே சோதித்தார்கள். அறுப்பன்று பாத்தி நடுவிலுள்ள கதிரை அதிகாரிகள் பையில் கட்டி, எண் போட்டுக் கொண்டுபோவார்கள். ஓரத்து நாலு வரிசை வேலைக்காரர்களுக்கு. அக்கா அதை வீட்டில் ஒரு மணிகூடப் பொங்கவில்லை. உலர்த்தி, புடைத்து, இரண்டு எண்ணெய் டின்னில் தம்பிக்குக் கொண்டுவந்தாள்.

"தண்ணி இல்லாம நிக்கும்டா. என் கண்ணால பாத்தேன்."

விதைத்தான். நாற்பது நாள் மேகம் எட்டிப் பார்க்கவில்லை. பயிர் நின்றபடியே வைக்கோலானது. பக்கத்து வயல்காரன் வேறு, "என்னப்பா, ஆராய்ச்சி முடிஞ்சுதா? ரிசல்ட்ட மாட்டுக்கிட்டதான் கேக்கணும்போல" என்று வயிற்றெரிச்சலைக் கிளப்பினான். அன்றிலிருந்து அக்கா வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் அவளைக் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்ல வேறு ஆளில்லாமல் இன்று காலை அவன்தான் பண்ணைக்குப் போனான். போன இடத்தில் பழைய ஆத்திரத்தையும் கொட்டினான். அதிகாரி விழித்தார்.

"ஓரத்துல நாங்க போடுறது பழைய ரகம்ங்க. நடுப்பயிருக்கு வேலி மாதிரி. வாய்க்கால் கசிவுல அதுவும் பச்சையா நிக்கும்."

"இருபது வருஷத்துல ஒருத்தர் அவகிட்ட சொல்லக்கூடாதா சார்?"

"அவங்க கேக்கலையே."

கேட்கலாம் என்பதே அவளுக்கு யார் சொன்னது? நேரே அக்கா வீட்டுக்கு நடந்தான்.

அக்கா பாயில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். மறைக்கத்தான் நினைத்தான், வாய் நிற்கவில்லை. சொன்னதும் அவள் அழவில்லை. அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்க்கா."

"வெள்ளிக்கிழமை அங்க அறுப்புடா. எட்டுப் பேர் சாக்கோட நிப்பாளுங்க. ஓரத்த விதைக்கு வைங்கடின்னு அவளுங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்." மூச்சு இழுத்தது. "என்னப் பாத்துக்கிட்டு உக்காராத. எந்திரிச்சுப் போ. பொங்கித் தின்னுங்க, விதைச்சுடாதீங்கன்னு சொல்லு. நம்பலைன்னா உன் வயலப் பத்திச் சொல்லு."