நாற்பத்து மூன்று பாறைகள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு பத்து. இரவெல்லாம் பெய்த மழை தூறலாக அடங்கியிருந்தது. என் வலது கண்ணில் கட்டி வந்து இமை வீங்கி மூடிக்கொண்டிருந்தது. இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கூடத்துச் சுவரிலுள்ள படத்தின் முன் உட்கார்ந்து வழக்கம்போல் பாறைகளை எண்ணினேன். நாற்பது வந்தது. நாற்பத்து மூன்று வர வேண்டும்.

அந்தப் படம் பாண்டிச்சேரியில் ஒரு கண்காட்சியில் வாங்கியது. பலகையில் செதுக்கி, கறுப்பு மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த அச்சுப்படம். ஓரத்தில் பென்சிலால் 7/30 என்று எழுதியிருக்கும். முப்பது பிரதிகளில் ஏழாவது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும் பாறைகள், அவ்வளவுதான். ஆள் இல்லை, மரம் இல்லை, எங்கள் ஊர் மலைகளில் இருப்பதுபோல் கோட்டைச் சுவர்கூட இல்லை. கொண்டுவந்த அன்று என் மனைவி வாசலிலேயே சிரித்தாள்.

“ஜன்னலத் தொறந்தா மலைங்க. ஊரு பூரா கல்லு. இதுல காசு குடுத்து வேற கல்லு வாங்கினு வந்திருக்கீங்களா?”

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் படபடப்பு வந்தது. கண்ணை மூடித் தியானம் செய்யச் சொன்னார்கள். மூடினால் கேஸ் ரெகுலேட்டர் முதல் மகளின் பிரசவம் வரை எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். சாமி படத்தைப் பார்த்தால் வேண்டுதல் வந்துவிடும். அதன் பின்னாலேயே பயமும் வரும். இந்தப் பாறைகளிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. இடது கீழ்மூலையில் தொடங்கி, மூச்சுக்கு ஒரு பாறையாக மேலே ஏறுவேன். இருபதைத் தாண்டும்போது நெஞ்சு நிதானத்துக்கு வரும். உச்சியை நெருங்கும்போது எண் வாயில் இருக்கும், மனதில் இருக்காது. பதினோரு வருடமாக அதுதான் என் பூஜை.

அன்று நடுவிலிருந்த பொடிக்கற்களில் மூன்று பிடிபடவில்லை. அங்கே சாம்பலாக ஒரு கறை. படத்தின் சட்டமும் ஒரு பக்கம் உப்பி வளைந்து தெரிந்தது. கறை ஓரிடத்தில் நிற்கவில்லை, நான் பார்க்கும் இடத்துக்கெல்லாம் கூடவே வந்தது. அதை அப்போதே கவனித்தேன். கவனிக்காதவன்போல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் மனைவி எல்லாப் படங்களின் கண்ணாடிக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாள். சுவரில் மாட்டியதைப் பொட்டில்லாமல் விடுவது எங்கள் வீட்டில் இல்லை, பாறையாக இருந்தாலும். அந்தப் பொட்டின் மேல் பழியைப் போட்டேன்.

“உன் குங்குமம் வழிஞ்சு கண்ணாடியே போச்சு.”

“வழிஞ்சா தொடச்சுட்டுப் போறேன். அதுக்கு ஏன் ஊரக் கூட்டறீங்க?” என்று ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடி எண்ணினேன். நாற்பது.

என் அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பேப்பரில் நடு எழுத்து இல்லை என்றார். வயசானால் அப்படித்தான் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். கடைசி ஒன்பது வருடம் அவர் தட்டில் குழம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார்.

நான்கு நாளில் கட்டி உடைந்து வலது கண் திறந்தது. இரண்டு கண்ணாலும் எண்ணினேன்: நாற்பத்து மூன்று. சட்டமும் நேர். அந்தச் சந்தோஷத்தோடு எழுந்து போயிருக்கலாம். வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். முப்பத்தொன்பது. அதன்பின் போகும்போதும் வரும்போதும் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதே வேலையாயிற்று.

“இன்னாங்க, இந்த வயசுல படத்தப் பாத்து கண்ணடிக்கிறீங்க?” என்றாள் மனைவி. “கல்லு திருப்பி அடிக்குதா?”

திங்கட்கிழமை படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிக் கடைத்தெருவுக்கு எடுத்துப்போனேன். சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை. மழை ஈரத்தில் சட்டம் முறுக்கிக்கொண்டது என்றேன். இரண்டு கண்ணுக்கு நேராக இருக்கும் சட்டம் ஒரு கண்ணுக்கு மட்டும் எப்படி வளையும் என்று எந்தப் பள்ளிப்பிள்ளையும் கேட்டிருக்கும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கடைக்காரர் இரும்பு ஸ்கேலைச் சட்டத்தின்மேல் வைத்தார். “முறுக்கவே இல்ல சார். நீங்களே பாருங்க.”

குனிந்து வலது கண்ணை மூடினேன். ஸ்கேலும் வளைந்திருந்தது.

“இன்னா சார், இப்படி வேர்க்குது?” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“இதுல கல்லு எத்தன இருக்குதுன்னு எண்ணிச் சொல்லுப்பா.”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் கண்ணாடிமேல் விரல் வைத்து எண்ணினார். பாதியில் தவறி, மறுபடி முதலிலிருந்து வந்தார். “நாப்பத்தி மூணு. யார் கூடனா பந்தயமா சார்?”

அவர் எண்ணி முடிக்கும்வரை, ஒரு கல்லாவது குறையட்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறையவில்லை. இருந்தும் சட்டத்தைப் பிரித்து மறுபடி ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை, பீரோவைத் திறந்து இருக்கிற பணத்தை எண்ணினாள். மறுநாள் முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் கசிகிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், மாதத்துக்கு ஒன்றாக மூன்று, என்றார் டாக்டர்.

“எப்போ இருந்து இப்படித் தெரியுது?”

“ரெண்டு நாளா” என்றேன். ஒரு வாரம் ஆகியிருந்தது. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஊசியின்போது மேலே பார்க்கச் சொன்னார்கள். மேலே வெளிச்சம் மட்டும்தான். இடது கீழ்மூலைப் பாறையை நினைத்துக்கொண்டு ஏறத் தொடங்கினேன். ஆறாவது பாறையில் குத்தினார்கள். அழுத்தம்தான், வலி அவ்வளவு இல்லை. பத்தொன்பதில் முடிந்தது என்றார்கள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு இடது கண்ணால் நாற்பத்தொன்று வந்தது. இரண்டு கல் வரவேயில்லை. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் அவையும் கிடைத்திருக்குமா என்று, பொய்யை ஒப்புக்கொண்டு, டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். வலது கண்ணுக்கும் வரலாம் என்று கட்டம் போட்ட அட்டை ஒன்று கொடுத்தார். தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடி அதைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தால் அன்றே வர வேண்டும்.

அட்டையைப் படத்தின் பக்கத்தில் ஒட்டினேன். அன்றிலிருந்து படத்தின் முன் உட்கார்ந்தாலே நெஞ்சு அடித்துக்கொண்டது. பாறைகளைப் பார்க்கவில்லை, பரிசோதித்தேன். பதினோரு வருடம் என்னை அமைதிப்படுத்திய படம் மிரட்டத் தொடங்கியது. ஒரு நாள் மனைவி அந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டுபோய்ச் சமையலறையில் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

“பயப்படறத இங்க நின்னு பயந்துட்டுப் போங்க. அங்க உக்காரும்போது ரெண்டு கண்ணும் தொறந்திருக்கட்டும்.”

அப்படித்தான் செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள், இருபதைத் தாண்டும்போது நெஞ்சு அடங்குகிறது. மற்ற நாட்களில் அடங்குவதில்லை. ஊசி, ஸ்கேன், சொட்டு மருந்து, இரண்டு பேருக்குப் பஸ், கெடாத சட்டத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியதற்குக் கடைக்காரருக்குக் கொடுத்த எண்பது, எல்லாம் சேர்த்து, முப்பத்தொன்பது கல்லை நாற்பத்தொன்றாக்க ஆன செலவு நாற்பத்தையாயிரத்து எண்ணூற்று இருபது ரூபாய்.