ஓடிக்கொண்டிருந்த மோட்டார்

வாசல் கதவைப் பூட்டிவிட்டேன் என்று வீட்டில் யார் சொன்னாலும், அவன் எழுந்து போய்ப் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான். கேஸை மூடியாச்சா என்று கேட்பான். மூடியாச்சு என்ற பதிலைக் காதில் வாங்கியபடியே அடுப்படிக்கு நடப்பான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். "இவன் கண்ணாடியில முகத்தப் பார்த்தாக்கூட நீ யாருன்னு கேப்பான்" என்று அம்மா சிரிப்பாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்த பிறகு அந்தக் குணத்துக்கு மாதச் சம்பளமும் வந்தது. தையல் பிரிவில் அவனைச் செக்கர் என்றார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அதே தொழிற்சாலையில் தையல் மெஷினில் இருந்த தங்கை வேலையை விட்டாள். யாரும் அவளை விடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பேச்சு போயிருந்தது, வலப்பக்கம் அசையாது. படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை வாங்கினார்கள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சின்ன மோட்டார், மெத்தையின் மடிப்புகளில் மாற்றி மாற்றிக் காற்றை நிரப்பும். இரவும் பகலும் அது ஓட வேண்டும்.

தங்கை பார்த்துக்கொள்வாள் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் மின்சாரத்தை அளக்கும் ஒரு பிளக்கும், அது அனுப்பும் செய்திகளை வாங்கும் ஹப் என்ற சின்னப் பெட்டியும் வாங்கி வைத்தான். பிளக்கில் செருகிய மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை ஹப் போனில் கோடாக வரைந்து காட்டும். டீ இடைவேளையில் எடுத்துப் பார்ப்பான். கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும். போனைப் பையில் போட்டுக்கொள்வான்.

பிறகு அம்மாவின் இடுப்பில் புண் வந்தது. கட்டு மாற்ற வந்த நர்ஸ், உடம்பு வற்றிப்போனால் என்ன செய்தாலும் சில சமயம் வரும் என்றாள். அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஏற்றுமதி அவசரத்தில் இரண்டு வாரமாகப் பார்க்காமல் விட்டிருந்த போனைத் திறந்து, முந்தின நாட்களின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பத்து நாளாக ஒரே மாதிரி. காலையில் அம்மாவைத் துடைத்துவிடும் நேரத்தில் ஒரு மேடு. அதற்குப் பிறகு அன்று முழுக்கப் பூஜ்ஜியம்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது; தினமும் தான் வீடு திரும்பும் நேரத்துக்குப் போட்டுவிடுகிறாள் என்று நினைத்தான்.

"மோட்டாரை ஏன் அணைக்கிற?"

"எது? நானா? துடைக்கும்போது அணைப்பேன், முடிஞ்சதும் போட்டுருவேன்."

"போட்டு, திரும்ப அணைச்சிருக்க. சத்தம் தூக்கத்தக் கெடுக்குதா?"

"அது ஓடிக்கிட்டேதான் இருக்குண்ணா. நான் இங்கயேதான கிடக்கிறேன்."

அவன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் கோட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"உன் போனு அம்மாவ எத்தன தடவ புரட்டிப் படுக்க வச்சிருக்கு?"

"பேச்சை மாத்தாத."

"சரி. நான் சொல்றது பேச்சு, அது காட்டுறது ஆதாரம். அப்படித்தான?"

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். பகலெல்லாம் அந்த மெத்தை தன் முதுகுக்குக் கீழே ஏறி இறங்கியதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவளிடம் கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பெரியம்மா போன் செய்து புண் எப்படி வந்தது என்று கேட்டாள். சொன்னான். மோட்டாரை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறாள் என்றே சொன்னான். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். "படிச்ச பையன் கோடு போட்டுக் காட்டுறான், பொய்யா இருக்குமா" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வாயாகப் பேசினார்கள். அந்த வார முடிவில் தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது, அம்மாவுக்கு எந்தத் தலையணையை முழங்காலுக்கு அடியில் வைக்க வேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டுப் போனாள்.

சம்பளத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று அவன்தான் அம்மாவோடு இருந்தான். துடைத்துவிட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு, கட்டிலின் கால்மாட்டிலேயே உட்கார்ந்தான். மத்தியானம் பழக்கதோஷத்தில் போனைத் திறந்தான். பூஜ்ஜியம். ஒரு கை போனில் இருந்தது. இன்னொரு கை மோட்டாரின் மேல் இருந்தது. கைக்குக் கீழே அது அதிர்ந்துகொண்டிருந்தது.

ஹப்பை அணைத்துப் போட்டான். பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினான். கருவியைப் பட்டியலிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தான். மேடு வந்தது, சற்று நேரத்தில் விழுந்தது. கடைசியில், ஹப்புக்குத் தானாகவே ஒரு அப்டேட் வந்திருந்ததைக் கண்டான். கோடு விழத் தொடங்கிய அதே நாள். அதன் குறிப்புகளைத் தேடிப் படித்தான். பிளக், மின்சார அளவு மாறினால்தான் செய்தி அனுப்பும். செய்தி வராதபோது பழைய ஹப் கடைசியாக வந்த அளவையே நீட்டி வரைந்தது. புதியது, செய்தி இல்லையென்றால் பூஜ்ஜியம் என்று வரைகிறது.

அவன் அந்தப் பத்து நாள் கோடுகளை மீண்டும் திறந்தான். பகலில் அவள் ஒரு தடவை மோட்டாரை அணைத்திருந்தால், திரும்பப் போடும்போது அங்கே இன்னொரு மேடு எழும்பியிருக்கும். ஒரு நாளில்கூட இல்லை. அவள் கை வைக்கவே இல்லை என்பதைத்தான் அந்த வெறுமை இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தது.

மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்பும்படி பிளக்கை மாற்றி அமைத்தான். கோடு எழும்பி நேராக ஓடியது. தங்கையைக் கூப்பிட்டான்.

"அம்மாவுக்கு என்ன?" என்றாள், எடுத்ததுமே.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்காங்க. அந்த ஹப்புல ஒரு கோளாறு. அப்டேட்டுல வந்தது. சரி பண்ணிட்டேன்."

அவள் போனை வைக்கவில்லை. அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்பது அவனுக்குப் புரிந்தது.

"எப்ப வர்ற?" என்று கேட்டான்.

"கோளாறு சரியாயிடுச்சில்ல. அப்புறம் நான் எதுக்கு?" என்று வைத்துவிட்டாள்.

நேரில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அவள் வந்தது அம்மா இறந்த அன்றுதான். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா அவள் தோளில் கை வைத்து, ஆறுதல் சொல்லும் குரலிலேயே சொன்னாள்: "அந்த மோட்டார மட்டும் நீ அணைக்காம இருந்திருந்தா, இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாடி. போகட்டும் விடு, அசதி யாருக்குத்தான் இல்ல."

தங்கை தலையை நிமிர்த்தி, எதிரே நின்ற அண்ணனைப் பார்த்தாள். அத்தனை பேரும் அங்கேயே இருந்தார்கள். ஒரு வாக்கியம் போதும்.

"நாற்காலி பத்தாது போல" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான். கீழே பாதி நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன.

பெரியம்மா இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் இன்னும் மறுத்துச் சொல்லவில்லை.