ம்மா மொரோங்வாவின் வெள்ளிக்கிழமைப் பட்டியல்

பஞ்சை ஆசிட்டில் தொட்டு, ராவி எடுத்த இரும்பின் மேல் ஒரே பக்கமாக இழுத்தாள் மொரோங்வா. முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் மிச்சம் இருப்பதும் போய்விடும். போலீஸ் அலுவலகத்தில் எழுத்தராக வருவதற்கு முன் ஒன்பது வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். படுக்கைப் புண்ணைத் துடைத்துப் பழகிய அதே கைதான் இப்போது ஒரு வெள்ளை பிக்கப் வண்டியின் சட்டத்தைத் துடைத்தது. ஒரே வித்தியாசம், வண்டி முனகுவதில்லை.

திருடர்கள் சேசிஸ் எண்ணை அரத்தால் ராவியிருந்தார்கள். எண்ணை அடிக்கும்போது விழுந்த அழுத்தம் இரும்புக்கு உள்ளேயும் இறங்கியிருக்கும். ஆசிட் பட்டால் அது நிழல்போல மேலே வரும், கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். அன்று நடுவில் மூன்று இலக்கங்கள் வந்தன. நான்கு, ஒன்று, ஏழு. அதற்குமேல் ஒன்றும் எழவில்லை.

"என்ன ம்மா, அதுக்குக் காய்ச்சல் இறங்கிச்சா?" என்றார் சார்ஜென்ட் ராமொட்சே, டீக் குவளையோடு வந்து நின்று. "நாலு மாசமா அதுக்குப் பணிவிடை பண்றீங்க. நாளைக்கு மத்தியானம் ஏலக்காரன் வர்றான். விட்டுடுங்க."

"மூணு எண் வந்திருக்கு, ர்ரா." அந்த ஊரில் பெண்ணை ம்மா என்றும் ஆணை ர்ரா என்றும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள்.

"கம்ப்யூட்டர் மெஷினுக்குப் பதினேழும் வேணும்."

"அப்ப மெஷினை வந்து துடைக்கச் சொல்லுங்க."

மொட்லாபெங் ஊரில் அந்த இடத்தை யாரும் போலீஸ் வண்டிக் கிடங்கு என்று சொன்னதில்லை. மட்டிமேலா என்றுதான் சொன்னார்கள். வழிதவறிய மாடுகளை அரசாங்கம் அடைத்துவைக்கும் பட்டிக்கு உள்ள பெயர் அது. மாடுகளைப் பற்றி ரேடியோவில் வாசிப்பார்கள்: சிவப்புப் பசு, இடது கொம்பு முறிந்தது, வலது காதில் வெட்டு. கேட்டவர்கள் கயிற்றோடு வருவார்கள். எல்லைக்கு அருகே போலீஸ் மீட்ட வண்டிகள் வரத் தொடங்கியபோது, மொரோங்வா பதிவேட்டில் அப்படித்தான் எழுதினாள். வேறு எப்படி எழுதுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, தலைநகரத்தில் இருந்த நாலு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போன் போடுவாள். "வெள்ளை. நாலு கதவு. வலது காது இல்லை. வால் துருப்பிடிச்சது." காது என்றால் பக்கக் கண்ணாடி, கொம்பு என்றால் முன்விளக்கு, வால் என்றால் புகைக்குழாய். முதல் மாதம் மறுமுனையில் சிரித்தார்கள். இரண்டாம் மாதம் அவர்களே, "கொம்பு எப்படி இருக்கு, ம்மா?" என்று கேட்டார்கள். ஒபாகெங் என்ற பையன் குரல்காரன் ஒருவன், பட்டியல் முடிந்ததும் உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்காமல் போனை வைத்ததில்லை. ஆறு வருடம் பேசினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

இன்று மொரோங்வாவுக்கு எழுபத்தொரு வயது. அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் செல்போன் கோபுரம் நிற்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் அடுப்படியில் நிற்கும்போதுகூட அவள் வாய் தன்பாட்டில் வெள்ளை, நாலு கதவு என்று ஆரம்பிக்கும். பொரித்த மாவு உருண்டையும் டீயும், முள்மரத்து நிழலும், போன் வயரில் கேட்கும் இரைச்சலும் சேர்ந்து வரும். கிடங்கில் இருந்த வயதில் முதுகும் நன்றாக இருந்தது. அதையும் சேர்த்துத்தான் நினைத்துக்கொள்கிறாள்.

போனில் பட்டியல் வாசித்த அந்த ஆறு வருடத்துக்குப் பிறகு கிடங்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பதினேழு கட்டங்கள் உள்ள படிவம். முழு எண்ணும் இருந்தால் கம்பெனிகளுக்குப் போகும். ஒன்று குறைந்தாலும் போகாது. காதுக்கும் கொம்புக்கும் அதில் இடமில்லை. போனில் பட்டியல் வாசிப்பதை நிறுத்தும்படி சுற்றறிக்கையும் வந்தது. எண் இல்லாத வண்டிகள் முள்மரத்தடியில் சேர்ந்தன. அங்கிருந்து ஏலத்துக்குப் போயின.

அந்த வெள்ளை பிக்கப்பும் அப்படித்தான் நின்றது.

ஆசிட்டில் மூன்று இலக்கம் எழுந்த அன்று பதினோரு மணிக்கு ர்ரா மொதுசி வந்தார். அவர் ஒவ்வொரு மாதமும் வருவார். மாட்டுப் பட்டிகளின் கிணற்று மோட்டார்களுக்கு டீசல் ஏற்றிப் போகும் பெரியவர். அவருடைய பிக்கப் திருடுபோய் ஐந்து மாதம். வண்டியை எல்லைக்கு அப்பால் விற்றுவிட்டுப் பொய் சொல்கிறார் என்று கம்பெனிக்குச் சந்தேகம். சந்தேகம் ஊருக்கும் எட்டியது. இருபது வருடம் அவரிடம் இருந்த தேவாலயச் சாவியை மூப்பர்கள் மரியாதையாகவே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை நடப்பதால் கிடங்குக்குள் போய் வண்டிகளைப் பார்க்கவும் அவருக்கு அனுமதி இல்லை. வாசலுக்கு வெளியே தொப்பியை முழங்காலில் வைத்து உட்கார்வார்.

"வந்துதா, ம்மா?"

"வெள்ளை வண்டி ஏழு இருக்கு, ர்ரா. கம்பெனி தாள்ல வலது கொம்புல கம்பி கட்டினதுன்னு இருக்கு. வலதுல கம்பி உள்ளது எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"வலதா? நான் எப்ப வலதுன்னு சொன்னேன்? இடது!"

"நீங்க போட்ட புள்ளிதானே அது?"

பெரியவர் பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுப் படிவத்தின் நகலை எடுத்தார். கார் ஒன்றின் படம். அடையாளம் உள்ள இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். படத்தின் இடது பக்கத்தில், விளக்கின் மேல், பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி ஒரு புள்ளி.

"இதோ. இடது. கண்ணு தெரியலயா?"

மொரோங்வா தாளை வாங்கிப் பார்த்தாள். விளக்குகள், நடுவில் கம்பிவலை, கீழே நம்பர் பலகை.

"இது வண்டியோட முகம், ர்ரா. நம்மளப் பாத்துக்கிட்டு நிக்குது. இந்தப் பக்கம் இருக்கிறது அதோட வலது."

"முகமா?" பெரியவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மாட்டை எவன் முன்னால நின்னு பாப்பான்? முட்டித் தள்ளவா? பின்னால நின்னுதான் பாக்கணும், பின்னால நின்னுதான் வரையணும். உங்கப்பா உங்களுக்குச் சொல்லித் தரலயா?"

சொல்லித்தந்திருந்தார். சிறுமியாக இருந்தபோது அவளும் மாடுகளுக்குப் பின்னால் நடந்தவள்தான். மணலில் காது வரைந்தால் ஓட்டுகிறவன் பார்வையில்தான் வரைவார்கள். படத்தை அவளும் நாலு மாதத்துக்கு முன் பார்த்தாள், பட்டணத்துக்காரி மாதிரி பார்த்துவிட்டு மூடிவைத்தாள். தன்னைத் திட்டிக்கொள்ள நேரம் இல்லை. ஆனால் அவசரமாகவும் கேட்கவில்லை. நோயாளியிடம் வலி எங்கே என்று கேட்கும்போது நாமே இடத்தைச் சொல்லிவிடக் கூடாது.

"கம்பியை எப்படிக் கட்டினீங்க?"

"வேலிக் கம்பி. மூணு முறுக்கு. நுனியை உள்பக்கமா மடிச்சுவிட்டேன். ஞாயித்துக்கிழமை பொம்பளைங்க நல்ல துணி உடுத்திட்டு ஏறுவாங்க, கிழிஞ்சா யார் பேச்சு வாங்குறது?"

மூன்று முறுக்கு. நுனி உள்பக்கம். காலையில்தான் அந்த வெள்ளை பிக்கப்பின் இடது விளக்கில் அவள் விரல் அதைத் தடவியிருந்தது.

"இங்கேயே உக்காருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் போனை எடுத்தாள்.

"யாரு, ம்மா வெள்ளிக்கிழமையா!" என்றது ஒபாகெங்கின் குரல். "இன்னைக்குப் புதன்கிழமை ஆச்சே?"

"கிழமை அப்புறம் பாத்துக்கலாம். பேனா எடு. வெள்ளை. ரெண்டு கதவு. இடது கொம்புல வேலிக் கம்பி. உன் மொதுசியோட கோப்பை எடு."

"பதினேழும் இருக்கா?"

"மூணு. நடுவுல நாலு, ஒண்ணு, ஏழு."

தாள் புரளும் சத்தம். "நாலு ஒண்ணு ஏழு இருக்கு. ஆனா ம்மா, படத்துல வலது…"

"அந்தப் பெரியவர் வண்டிக்குப் பின்னால நின்னு புள்ளி வச்சிருக்காரு. நீயும் பின்னால போய் நின்னு பாரு."

நாற்காலி நகரும் சத்தம். பிறகு பெரிய சிரிப்பு. "எங்கப்பாவும் இப்படித்தான் வரைவாரு! ஐயோ, இதுக்கா அஞ்சு மாசம்?"

"சிரிச்சது போதும். அவரோட மாத்துச் சாவியை வாங்கி வச்சீங்களே, இருக்கா?"

"கோப்புலயே இருக்கு."

"நாளைக்குக் காலையில அதோட வா. மத்தியானம் ஏலம்."

"மேலதிகாரிகிட்டக் கேக்கணும், ம்மா."

"கேட்டுட்டு வா. கேக்காம வராதே. ஆனா வந்துடு."

போனை வைத்துத் திரும்பினால் வாசற்படியில் ராமொட்சே. "போன்ல பட்டியல் வாசிக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு, ம்மா."

"பட்டியலா? ஒரே ஒரு மாடு."

அவர் குவளைக்குள் பார்த்தார். "டீ ஆறிப்போச்சு," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் நல்ல மனிதர்தான். சுற்றறிக்கையை அவர் எழுதவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஒபாகெங் வந்து இறங்கினான். பையன் குரலுக்குச் சம்பந்தமே இல்லாமல், நரைத்த தாடியோடு நாற்பது வயது ஆள். மொரோங்வா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அது? சரி, சாவியை எடு." சாவித்துவாரத்தில் மண் அடைத்திருந்தது. தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டாள். இடது கதவில் சாவி ஒருமுறை சிக்கி, பிறகு திரும்பியது.

ராமொட்சே ஏலப் பட்டியலில் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டார். வண்டியைப் போலீஸ் மீட்டது, கம்பெனிக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை என்று ஒபாகெங் ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தினான். பெரியவர் அதை இரண்டு தடவை வாசித்தார். "மூப்பர்களுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. பெரிய எழுத்தா இன்னொண்ணு எழுதிக் குடு, தம்பி." எழுதிக்கொடுத்தான்.

பேட்டரி செத்துப் போயிருந்தது. ஒபாகெங் ஸ்டியரிங்கைப் பிடிக்க, ராமொட்சே தோள் கொடுக்க, ர்ரா மொதுசி வண்டியின் பின்னால் நின்று, மாட்டை ஓட்டுவதுபோல நாக்கைச் சொடுக்கித் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினார். மொரோங்வா கதவுச் சங்கிலியை மாட்டினாள். ஏலக்காரன் வர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. முள்மரத்தடியில் எண் இல்லாத வண்டிகள் பதினொன்று நின்றன. கையுறையைப் போட்டுக்கொண்டு, பஞ்சையும் புட்டியையும் எடுத்து, அடுத்த வண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.