அத்தை கையிலிருந்து விழுந்த பாத்திரங்கள்

கொரோனா ஓய்ந்து எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றியிருந்த சமயம். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் பெரும்பாலும் நானும் மாமியாரும்தான் இருப்போம். கணவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன்.

அந்த வருடம் சரியாக நான் கிளம்பும் நேரத்தில்தான் சமையலறையில் பாத்திரம் விழும். ஒரு நாள் டம்ளர், ஒரு நாள் கரண்டி, ஒரு நாள் குழம்புச் சட்டி. மாமியார் பாத்திரத்தை 'ணங்'கென்று போட்டால் என்ன அர்த்தம் என்று நம் வீடுகளில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்குப் போகிற மருமகள் மேல் கோபம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான் மட்டும் லேசுப்பட்டவளா? பதிலுக்குக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போவேன். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு காலையில் ரசச் சட்டி விழுந்து ரசம் தரையெல்லாம் சிதறியது. இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று உள்ளே போனேன். அத்தை தரையில் உட்கார்ந்து, விரலால் பிடிக்க முடியாமல், சட்டியை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அணைத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் நடுங்கின. எழுந்து நிற்கப் பார்த்தால் காலும் ஊன்றவில்லை. அந்த வாரமே அவரை மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே நரம்பு டாக்டர் கரண்ட் வைத்துப் பரிசோதித்துவிட்டு, உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்த நரம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்றார். யாரோ என்னைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது. வழக்கமாக இதற்குக் கொடுக்கும் மாத்திரை, ஊசி எல்லாம் கொடுத்தும், நாலு மாதத்தில் அத்தையின் நடை இன்னும் மோசமானதுதான் மிச்சம்.

தினமும் காலையில் அத்தையின் ஜாக்கெட் கொக்கிகளை நான்தான் மாட்டிவிடுவேன். முதல் சில நாள் கூச்சத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொள்வோம். ஒரு நாள் அப்படி மாட்டும்போது சொன்னார்.

"என்னய நிலக்கோட்டையில என் தம்பி வீட்டுல கொண்டுபோயி விட்ரு தாயி. படுக்கையில விழுந்துட்டா உன்னால ஏலாது."

செத்த நேரம் சும்மா இருங்கள் என்று அதட்டினேன். அழுகை வந்துவிடக் கூடாதே என்றுதான் அந்த அதட்டல்.

அடுத்த முறை டாக்டர், இன்னும் ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்றார். நரம்பைத் தாக்குகிற குறிப்பிட்ட ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். இந்த நோய் உள்ளவர்களில் சிலருக்குத்தான் அது இருக்குமாம். இருந்தால் வேறு மருந்து தரலாம், அந்த மருந்தில் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு என்றார். கொரோனா காலத்தில் ஆன்டிபாடி என்றால் நம்மைக் காப்பது என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். வெளிமாநில லேபுக்கு ரத்தம் போய், முடிவு வர இரண்டு வாரம் ஆனது. நான் கும்பிடாத சாமி இல்லை. மாமியார் ரத்தத்தில் அந்தப் பொல்லாதது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மருமகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இருந்தது. டாக்டர் மருந்தை மாற்றி, ஆஸ்பத்திரியில் வைத்து டிரிப்ஸில் ஏற்றினார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. முதலில் நடுக்கம் குறைந்தது, பிறகு சுவரைப் பிடிக்காமல் நடந்தார். ஐந்தாவது மாதம் ஒரு காலையில், கொக்கிகளைத் தானே மாட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒன்று மட்டும் இடம் மாறியிருந்தது. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அந்த வேகத்திலேயே, அவர் கோபத்தில் பாத்திரம் போடுவதாக அத்தனை மாதம் நினைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

அத்தை சிரித்தார். "கோவம் இல்லாமயா இருந்துச்சு? ஒரு வார்த்த என்னான்னு கேக்க மாட்டேங்கிறாளேன்னு அம்புட்டுக் கோவம். ஆனா டம்ளரு அதுனால விழுகல தாயி."

இப்போதெல்லாம் வீட்டில் யார் முகம் வாடினாலும், என்ன செய்கிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அன்றே அதைக் கேட்டிருந்தால் அத்தை அத்தனை நாள் தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்க மாட்டாரே என்பது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.